கிருமிகளோடு வாழ்கிறோம், சாக்கடையோடும் பசியோடும் ஏன் வாழ வேண்டும்?

ஒரு சோப்பு வாங்கினால் 99.9 சதவிகிதக் கிருமிகள் ஒழியுமாம். தரை கழுவும் திரவம் ஒரு புட்டி வாங்கினால் வீடே பரிசுத்தமாகிவிடுமாம். கைக்கு ஒரு மருந்து, கக்கூஸுக்கு ஒரு மருந்து, குழந்தையின் பொம்மைக்கு ஒரு மருந்து! காலை முதல் இரவு வரை டெலிவிஷனிலும் கைபேசியிலும் இந்தப் பிரசாரம்தான். தாய்மார்களின் மனத்தில் முதலில் பயத்தை விதைக்கிறார்கள். பிறகு அந்தப் பயத்துக்கு விலை போட்டு விற்கிறார்கள்.

இந்தப் பிரசாரத்தின் சாரம் என்ன? கிருமி என்றாலே பகை. அதை வீட்டு வாசலில் தடுத்துவிட்டால் நோயில்லை. தடுக்க வேண்டியது அவரவர் பொறுப்பு, அவரவர் பணம். இது உண்மையா? விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்கிறதா? உழைக்கும் மக்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில், பொய்யான பகைவனைக் காட்டுகிறவன் உண்மையான பகைவனை மறைக்கிறான்.

நாம் தனியாக இல்லை

ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் லேவன்ஹுக் என்று ஒரு துணி வியாபாரி இருந்தார். அவர் பண்டிதரல்ல, பல்கலைக்கழகத்தில் படித்தவரல்ல. தம் கையாலேயே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பூதக்கண்ணாடி செய்துகொண்டார். 1683-ம் ஆண்டில் தம் பல்லிடுக்கில் படிந்திருந்த ஊத்தையைச் சுரண்டி எடுத்து அதில் வைத்துப் பார்த்தார். சின்னஞ்சிறு பிராணிகள் துள்ளித் திரிந்தன! ஒரு மனிதன் வாயிலுள்ள இந்தப் பிராணிகள் ஒரு ராஜ்யத்து ஜனத்தொகையைவிட அதிகம் என்று லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதினார். அத்தனை கிருமிகளையும் வாயில் வைத்துக்கொண்டு அவர் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்றைய கணக்கு இன்னும் துல்லியமானது. சராசரி எடையுள்ள ஒரு மனிதன் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி சொந்த உயிரணுக்கள் உள்ளன. அவனோடு வாழும் பாக்டீரியாக்களோ சுமார் 38 லட்சம் கோடி. 2016-ல் விஞ்ஞானிகள் வெளியிட்ட மதிப்பீடு இது. இந்த ஜீவராசிகள் அனைத்தையும் தராசில் வைத்தால் சுமார் 200 கிராம்தான். மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. மற்றவை தோலிலும் வாயிலும் மூக்கிலும் இருக்கின்றன.

இவை நம்மிடம் சும்மா ஒண்டிக் குடியிருக்கவில்லை. வேலை செய்கின்றன. கீரையிலும் கேழ்வரகிலும் பயறிலும் உள்ள நாரை நம் குடல் தானாகச் செரிக்க முடியாது. அதைச் சிதைத்து, குடல்சுவரின் உயிரணுக்களுக்கு ஆகாரமாகும் அமிலங்களாக மாற்றுவது பாக்டீரியாவின் வேலை. ரத்தம் உறைவதற்கு வேண்டிய கே வைட்டமினில் ஒரு பகுதியையும் அவை தயாரிக்கின்றன. தோலில் வாழும் சாதுவான இனங்கள் இடத்தை நிரப்பிக்கொண்டு, தீங்கான இனங்கள் வேர்பிடிக்காமல் தடுக்கின்றன. வியர்வைக்குச் சொந்தமாக நாற்றம் கிடையாது. அக்குளில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைப்பதால்தான் நாற்றம் வருகிறது. உழைப்பாளியின் வியர்வையைக் கண்டு மூக்கைப் பொத்துகிற கனவான்கள், தங்கள் அக்குளிலும் அதே ஜீவன்கள் வாழ்வதைத் தெரிந்துகொள்ளட்டும்!

தாய்ப்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பச்சைக் குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரை வகைகள் ஏராளமாக இருக்கின்றன. குழந்தைக்குப் பயன்படாததைத் தாயின் உடல் ஏன் தயாரிக்கிறது? குழந்தையின் குடலில் குடியேறும் பிபிடோபாக்டீரியம் என்ற நல்ல கிருமிக்காகவே அந்தச் சர்க்கரை! தாய் தன் குழந்தைக்கு மட்டும் பாலூட்டவில்லை, அதன் காவலர்களுக்கும் சேர்த்து ஊட்டுகிறாள். ஆனால் பிரசவ விடுப்பு 2017-ல் 26 வாரமாக உயர்த்தப்பட்டபோது, வயலிலும் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் பாடுபடும் தாய்க்கு அது எட்டவில்லை. பிள்ளையை மரத்தடியில் கிடத்திவிட்டு சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு, கிருமிநாசினிப் புட்டியை விற்கத்தான் ஆளிருக்கிறது. பால் கொடுக்க நேரம் தர ஆளில்லை.

நமது அடுக்களைக்குக் கிருமியின் உதவி புதிதல்ல. பால் தயிராவது பாக்டீரியாவால். இரவு அரைத்து வைத்த மாவு காலையில் பொங்குவதும் பாக்டீரியாவால்தான். இட்லி மாவைப் பொங்க வைப்பது லூகோநாஸ்டாக் என்ற இனம் என்று 1965-லேயே ஆராய்ச்சி செய்து வெளியிட்டிருக்கிறார்கள். பெயர் தெரியாமலே நம் பாட்டிமார்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக வேலை வாங்கியிருக்கிறார்கள்.

கொல்லும் கிருமியும் உண்டு

அப்படியானால் எல்லாக் கிருமிகளும் நல்லவைதானா? இல்லை. காலரா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றின் கிருமிகள் மனிதனைக் கொல்பவை. 1882-ல் ஜெர்மானிய விஞ்ஞானி கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். 1884-ல் கல்கத்தாவில், ஜனங்கள் குளித்துக் குடித்து வந்த குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் காட்டினார். இந்தக் கண்டுபிடிப்புகளைக் குறைத்துப் பேசுகிறவன் மக்களின் நண்பனாக இருக்க முடியாது.

ஆனால் கொல்லும் கிருமி யாரைக் கொல்கிறது, எங்கே கொல்கிறது? இங்கேதான் பிரச்னை இருக்கிறது.

1854-ல் லண்டனில் காலரா பரவியது. தென் லண்டனில் இரண்டு தனியார் கம்பெனிகள் குடிநீர் விற்று வந்தன. லாம்பெத் கம்பெனி 1852-லேயே, நகரத்துச் சாக்கடை கலக்காத மேற்பகுதியிலிருந்து தேம்ஸ் நீரை எடுக்கத் தொடங்கிவிட்டது. சவுத்வார்க்-வாக்ஸால் கம்பெனியோ சாக்கடை கலந்த நீரையே விற்றுக்கொண்டிருந்தது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு கம்பெனியின் தண்ணீர், அடுத்த வீட்டுக்கு மற்றதன் தண்ணீர். டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்தார். லாம்பெத் நீர் குடித்த 10,000 வீடுகளுக்குக் காலரா மரணம் 37. சவுத்வார்க்-வாக்ஸால் நீர் குடித்த 10,000 வீடுகளுக்கு மரணம் 315!

இரண்டு வீட்டாரும் ஒரே காற்றைச் சுவாசித்தார்கள். ஒரே நகரத்தில் வாழ்ந்தார்கள். வித்தியாசம் குழாயில் இருந்தது. அந்தச் சாக்கடை நீரை எந்தக் குடும்பமும் விரும்பிக் குடிக்கவில்லை. எந்தக் குழாய் தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று குடித்தனக்காரர்களில் பெரும்பாலோர் தீர்மானிக்கவுமில்லை. தீர்மானித்தது லாபக் கணக்கு.

கிருமியும் கஞ்சியும்

காசநோயைப் பாருங்கள். உலகத்துக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியர். 2025-க்குள் இதை ஒழிப்போம் என்று 2018-ல் பிரதமர் பிரகடனம் செய்தார். பிரகடனத்துக்குப் பயந்து ஓடும் கிருமி எதுவும் கிடையாது.

காசநோய்க் கிருமி உடலில் புகுந்தவர் எல்லோரும் நோயாளியாவதில்லை. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே ஆயுளில் என்றாவது நோய் வெளிப்படுகிறது. மற்றவர்கள் உடலில் கிருமி அடங்கிக் கிடக்கிறது; உடல் அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. கட்டு எப்போது அவிழ்கிறது? பல காரணங்கள் உண்டு. நம் நாட்டில் மிகப் பெரிய காரணங்களில் ஒன்று பசி.

இது நமது கற்பனையல்ல. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. ஒரு பகுதிக் குடும்பங்களில், நோயாளியோடு சேர்ந்து வாழும் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, வைட்டமின் மாத்திரைகள் கொடுத்தார்கள். விளைவு? அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. பிறருக்குப் பரவும் நுரையீரல் காசநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது! அதே குடிசை, அதே நெருக்கடி, அதே கிருமி. அரிசியும் பருப்பும்தான் கூடுதலாக வந்தன.

நமது சென்னை இன்னொரு பாடத்தையும் உலகுக்குக் கற்பித்தது. முன்பெல்லாம் காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைப்பதுதான் வைத்தியம் என்றார்கள். 1956-ல் சென்னையில் ஏற்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம் இதைப் பரிசோதித்தது. ஏழை நோயாளிகளில் ஒரு சாராரை சானடோரியத்திலும் மற்றொரு சாராரை நெருக்கடியான சொந்த வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. ஒழுங்காக மருந்து கொடுத்தால் வீட்டு வைத்தியமும் சானடோரிய வைத்தியத்துக்கு ஈடாகப் பலன் தருகிறது. வீட்டிலிருப்போருக்கும் அதனால் கூடுதல் அபாயமில்லை! நோயாளியை ஒதுக்கி வைப்பதல்ல, மருந்தை அவன் வாசலுக்குக் கொண்டு போவதே வழி என்று உலகம் ஏற்றுக்கொண்டது.

மருந்தும் வேண்டும், சோறும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது மோசடி.

சோப்பின் விலையும் சோப்பின் வேலையும்

இனி அந்த 99.9 சதவிகிதத்துக்கு வருவோம். கராச்சி நகரத்துக் குடிசைப் பகுதிகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2005-ல் வெளியாயிற்று. சில குடும்பங்களுக்குச் சாதாரண சோப்பும், சில குடும்பங்களுக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பும் கொடுத்து, கைகழுவும் பழக்கத்தை வலியுறுத்தினார்கள். குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. மகத்தான பலன்! ஆனால் இரண்டு சோப்புகளுக்கும் பலனில் வித்தியாசமே இல்லை.

2016-ல் அமெரிக்க சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டிரைகுளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிகளைப் பொதுமக்கள் உபயோகிக்கும் சோப்பில் சேர்த்து விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட இவை மேலானவை என்றோ, நீண்ட காலம் உபயோகித்தால் ஆபத்தில்லை என்றோ கம்பெனிகள் நிரூபிக்கவில்லை. ஏகபோகங்களின் கோட்டையிலேயே இந்த வியாபாரத்தின் சாயம் வெளுத்துவிட்டது.

ஆகவே நாம் சொல்வது இது: கை கழுவுங்கள். மலம் கழித்த பின்பும், சமைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் முன்பும், குழந்தையைக் கழுவிவிட்ட பின்பும் கழுவுங்கள். சாதாரண சோப்புப் போதும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சும் அடுப்படித் துணியும் ஈரத்தோடு கிடந்தால் கிருமிகள் பெருகும். ஜெர்மனியில் 2017-ல் சோதித்த பஞ்சுகளில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,400 கோடி வரை பாக்டீரியாக்கள் இருந்தன! அவற்றில் மிகப் பல தீங்கற்றவைதான். ஆயினும் துணியை அலசி வெயிலில் உலர்த்துங்கள், பஞ்சை அவ்வப்போது மாற்றுங்கள். கறி நறுக்கிய பலகையைக் கழுவாமல் காய் நறுக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இதற்கு மேல் தினந்தோறும் தரையில் விஷத்தைக் கொட்டத் தேவையில்லை.

ஆனால் ஒரு கேள்வி. கை கழுவு என்று உபதேசம் செய்கிறவர்கள், தண்ணீர் எங்கே என்பதற்குப் பதில் சொல்லட்டும். ஒரு குடம் தண்ணீருக்கு லாரியின் பின்னால் ஓடுகிறவள் எத்தனை தடவை கை கழுவுவாள்? பத்துக் குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்றால், ஜன்னலே இல்லாத அறையில் ஆறு பேர் படுத்துறங்கினால், சுகாதார உபதேசம் அங்கே என்ன செய்யும்?

முறிக்கும் மருந்தை முறித்தவர் யார்?

கிருமிகளை வெறும் பகையாகவே பார்த்ததன் இன்னொரு விளைவு மிக ஆபத்தானது. பெனிசிலின் முதலான மருந்துகள் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றின. இன்று அவை வலுவிழந்து வருகின்றன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாகி, 2019 ஒரே ஆண்டில் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக மதிப்பீடு.

இதற்கு ஜனங்களைத்தான் குற்றம் சொல்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரை வாங்குகிறார்களாம், பாதியில் நிறுத்துகிறார்களாம். நாமும் சொல்கிறோம், அப்படிச் செய்யாதீர்கள். ஜலதோஷத்துக்கு இந்த மருந்து எதற்கும் உதவாது. குடலிலுள்ள நல்ல கிருமிகள்தான் சாகும். ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவன் மருந்துக் கடைக்குப் போவது கொழுப்பினால் அல்ல.

பெரிய குற்றவாளிகளைப் பாருங்கள். ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில் சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் இருந்தது. அதிலிருந்து வெளியேறிய நீரில் சிப்ரோபிளாக்சாசின் என்ற மருந்து, அதைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக இருந்ததென்று 2007-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஓடையிலுள்ள கிருமிகளுக்கெல்லாம் மருந்தை எதிர்க்கப் பயிற்சிப் பள்ளி நடத்தியது யார்? கோழிப்பண்ணைகளில், நோய்க்காக அல்லாமல், குஞ்சு சீக்கிரம் கொழுப்பதற்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் கலந்தார்கள். வேறு மருந்து எதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து அது! 2019-ல்தான் இந்திய சர்க்கார் அதைத் தடை செய்தது.

புதிய மருந்து கண்டுபிடிக்கலாமே என்றால், பெரிய கம்பெனிகள் பல இந்த ஆராய்ச்சியையே கைவிட்டுவிட்டன. ஒரு வாரம் சாப்பிட்டுக் குணமாகும் மருந்தில் லாபமில்லையாம்; ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டிய மருந்தில்தான் லாபமாம். நம் நாட்டில் 1954-ல் பிம்பிரியில் பொதுத்துறையில் பெனிசிலின் தொழிற்சாலை அமைத்தோம். சோவியத் உதவியோடு ரிஷிகேசத்தில் இன்னொன்று அமைத்தோம். 2016-ல் மத்திய மந்திரிசபை, ரிஷிகேசம் ஆலையை நடத்திய கம்பெனியை மூடவும், பிம்பிரி கம்பெனியைத் தனியாருக்கு விற்கவும் தீர்மானித்தது. கிருமிகள் வலுப்பெறும் காலத்தில் கோட்டையை விலை பேசுகிறவர்களை என்னவென்பது?

'விஷவாயு தாக்கி' என்று ஒரு வரி

பத்திரிகைகளில் அடிக்கடி ஒரு செய்தி வரும்: பாதாளச் சாக்கடையில் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி மரணம். அந்த விஷவாயு என்ன? காற்றுப் புகாத சாக்கடையில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்து உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை போல் நாறும். ஆனால் அளவு மிஞ்சும்போது மோப்ப சக்தியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தில்லை என்று நினைக்கும் நிமிஷத்தில் ஆள் சாய்வான்.

இந்த மரணத்துக்குக் கிருமியா குற்றவாளி? கிருமி அதன் இயற்கைப்படி நடந்துகொண்டது. அதே பாக்டீரியாக்களின் இனத்தாரைக் காற்றூட்டி வேலை வாங்கினால் கழிவுநீரைச் சுத்தம் செய்து தருகின்றன. அந்த முறை 1914-லேயே மான்செஸ்டரில் கண்டுபிடிக்கப்பட்டது. குற்றவாளி, இயந்திரம் இருக்கும்போது மனிதனை இறக்குகிறவன். 1993-லும் 2013-லும் சட்டம் வந்தது. மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்று 2014-லும், 30 லட்சம் என்று 2023-லும் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த ஒரு வரிச் செய்தி நிற்கவில்லை. இறங்குகிறவன் எப்போதும் ஒரே ஜாதிகளிலிருந்தே வருகிறான்.

கண்ணுக்குத் தெரியாத அசுத்தம் ஒரு மனிதனிடமிருந்து இன்னொருவனுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நம் நாட்டிலும் ஒரு 'சாஸ்திரம்' உண்டு. அதற்குத் தீட்டு என்று பெயர். டீக்கடையில் தனி டம்ளர் வைத்தது அதுதான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தீட்டு என்று ஒன்றும் தென்படவில்லை. எல்லார் கையிலும் ஒரே வகைக் கிருமிகள்தான் தென்படுகின்றன. ஆனால் 'சுத்தம்' என்ற பெயரில் மனிதனை அவமதிக்கும் புத்தி மட்டும் சாகவில்லை. 2020 மார்ச் 30 அன்று பரேலியில், கொரோனாவுக்குப் பயந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களைக் கூட்டமாகத் தரையில் உட்கார வைத்து, தலைமேல் கிருமிநாசினி மருந்தைப் பீய்ச்சி அடித்தார்கள். விமானத்தில் வந்திறங்கியவர்களை இப்படி உட்கார வைத்தார்களா?

இன்னொரு பக்கத்துப் பொய்

கிருமி நல்லது என்று தெரிந்ததும், வேறு ஒரு கூட்டம் கிளம்புகிறது. தடுப்பூசி வேண்டாம், மருந்து வேண்டாம், மண்ணில் புரண்டால் எதிர்ப்பு சக்தி தானே வரும் என்கிறது. அமெரிக்காவில் இரண்டு விவசாய சமூகங்களை ஒப்பிட்டு 2016-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. மாடு குதிரைகளோடு பழைய முறையில் வாழும் ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்த்மா 5 சதவிகிதம்; இயந்திரப் பண்ணையில் வாழும் ஹட்டரைட் குழந்தைகளில் 21 சதவிகிதம். மாட்டுத் தொழுவத்தின் தூசியிலுள்ள நுண்ணுயிர்கள் குழந்தையின் உடலுக்குப் பாடம் கற்பிக்கின்றன என்பது மெய்தான். ஆனால் தொழுவத்துத் தூசி வேறு, சாக்கடை வேறு. சாக்கடையோரம் வாழும் குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி வருவதில்லை, வயிற்றுப்போக்குத்தான் வருகிறது. பெரியம்மை இந்தியாவில் 1975-ல் ஒழிந்ததும், காட்டுவகைப் போலியோ 2011-க்குப் பிறகு வராததும் தடுப்பூசியின் வெற்றிகள். அதை மறுப்பவன் குழந்தைகளின் உயிரோடு விளையாடுகிறான்.

நாம் கோருவது என்ன?

கிருமிகளோடு வாழ்வதற்கு நாம் அஞ்சவில்லை. அவை நமக்கு முன்பே இவ்வுலகில் தோன்றியவை. நம்மோடு என்றும் இருப்பவை. அவற்றில் கொல்லும் சிலவற்றை அடக்குவதற்கு வழி தெரியும். வழி தெரிந்தும் செய்யாமலிருப்பதையே எதிர்க்கிறோம்.

காசநோயாளிக்குக் கொடுக்கும் மாத உதவி 2024-ல் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக உயர்ந்தது, வரவேற்கிறோம். ஆனால் அவன் குடும்பம் முழுவதற்கும் அரிசியும் பருப்பும் தர்மமாக அல்ல, உரிமையாகக் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு சேரிக்கும் வார்டுக்கும் சுத்தமான குழாய் நீரும் கழிப்பிடமும் வேண்டும். தண்ணீரைக் கம்பெனிகளுக்கு விடக் கூடாது. சாக்கடையில் மனிதன் இறங்குவது அடியோடு நிற்க வேண்டும்; இறக்கிவிட்டவன் சிறைக்குப் போக வேண்டும். மருந்துத் தொழிற்சாலைகள் கழிவைக் கொட்டுவதைத் தடுக்க வேண்டும். பொதுத்துறை மருந்து உற்பத்தி மீண்டும் உயிர்பெற வேண்டும்.

இவற்றில் எதுவும் கடையில் புட்டியில் கிடைப்பதல்ல. லண்டன் மக்களுக்குச் சுத்தமான தண்ணீர் கிடைத்தது, கம்பெனி மனமிரங்கியதால் அல்ல. ஸ்னோவைப் போன்றவர்கள் உண்மையை எண்ணிக் காட்டியதாலும், மக்கள் சும்மா இராததாலும்தான். நம் வார்டில் எத்தனை வீட்டுக்குக் குழாய், எத்தனை வீட்டில் காசநோய், எந்தச் சாக்கடையில் யார் இறங்குகிறார்கள் என்று நாமும் வீடு வீடாக எண்ணுவோம். எண்ணியதை நகரசபைக் கதவின்மேல் ஒட்டுவோம். பதில் வரும் வரை விடமாட்டோம்!